புதுப்பிப்பு: நிகர சொத்து பங்கு மூலதனத்துக்குக் கீழே போன கதை

நஷ்டத்தால் எங்கள் சிறு கம்பெனியின் நிகர சொத்து (சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது) பங்குதாரர்கள் போட்ட பங்கு மூலதனத்தைவிடக் குறைந்துவிட்டது, மூடத்தான் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆடிட்டரிடம் பேசியாச்சு, அந்த ஒரு காரணத்துக்காக மூட வேண்டியதில்லை. இந்தியாவில் பிரைவேட் லிமிடெட்டுக்கு இருந்த 1 லட்ச ரூபாய் குறைந்தபட்ச மூலதன விதியையே 2015-ல் எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் இதே வகைக் கம்பெனிக்கு 25,000 யூரோ வேண்டும், மூலதனத்தில் பாதி கரைந்தால் பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டியே ஆக வேண்டும், எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது. அப்புறம் முக்கியமான விஷயம்: இயக்குநர்கள் கொடுத்த கடனைப் பங்காக மாற்றினால் புதுப் பணம் வராது, ஆனால் கடன் குறைவதால் நிகர சொத்து ஏறும். அதற்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் பங்கின் மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும், சரி, அதைத்தான் செய்யப் போகிறோம். டிவிடெண்ட் இப்போதைக்குக் கிடையாது, கடன் கொடுத்தவர்களுக்குத்தான் முதலில்.