இழை: குளிர்நீர்ச் சுற்றில் உள்ள நீரின் அளவு – என்ன சொல்லலாம்?

காரைக்குடி, பயிற்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். குளிர்சாதனப் பிரிவு மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஏழாம் பாடம்தான் இழுத்தடிக்கிறது. சில்லரிலிருந்து (நீரைக் குளிர்விக்கும் எந்திரம்) சுமார் 7 பாகை செல்சியஸில் கிளம்பும் தண்ணீர், மாடி மாடியாகப் போய் அறைக்காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 பாகையில் திரும்பி வருகிறது. மூடிய சுற்று. அதில் மொத்தம் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று மதிப்பிடுவதுதான் பாடம். சூடேறி விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும், துருத்தடுப்பு மருந்து எவ்வளவு ஊற்ற வேண்டும், இரண்டுக்கும் இந்த எண் வேண்டும். பழைய வரைவில் ‘அமைப்பின் திரவப் பருமன்’ என்று இருக்கிறது. பருமன் என்றதும் பிள்ளைகள் உடல் பருமனைத்தான் நினைக்கிறார்கள். ‘நீர் கொள்ளளவு’ என்று போட்டுவிடலாமா?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள அம்மா, முதலில் ஒற்று. நீர்க்கொள்ளளவு. நீர்ப்பாசனம் என்று எழுதுகிறோம் அல்லவா?

அடுத்து, நம்மிடம் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகள் வகுத்தே வைத்திருக்கிறார்கள். நீரை அளப்பது முகத்தல். உழக்கும் படியும் மரக்காலும் அந்த வழியில் வந்தவை. முகந்து எடுக்கப்படுவது முகவை. ஆகவே ‘குளிர்நீர் முகவை’ என்பது என் பரிந்துரை. கடல்நீரை முகப்பதால்தான் முகில் என்ற பெயரும் வந்தது என்பது என் துணிபு. ஒரே வேரிலிருந்து மேகத்துக்கும் உங்கள் குழாய்க்கும் சொல் கிடைக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

திருச்சி, மொழியியல் ஆய்வாளர்:

ஐயா, முகிலை முகிழ்த்தலோடு சேர்ப்பவர்களும் உண்டு. திரண்டு கூம்பி நிற்பது முகில். முகத்தலோடு கட்டாயம் சேர்க்க வேண்டியதில்லை. அதை விடுங்கள். முகவை என்றால் நம் பக்கத்தில் இராமநாதபுரம். 1985-இல் மாவட்டம் பிரியும்வரை காரைக்குடியே முகவை மாவட்டத்தில்தான் இருந்தது. ‘குளிர்நீர் முகவை’ என்று படிக்கும் பையன் எந்தத் தாலுகா என்று கேட்பான்.

சென்னை, குளிர்சாதனப் பொறியாளர் (சொந்த ஊர் புதுவயல்):

ஆசிரியை அவர்களுக்கு. சொல்லைத் தேடும் முன் எந்தப் பொருளுக்கு என்று பார்த்துவிடுவோம். இங்கே மூன்று பொருள்கள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, கணக்குப் போட்டு எடுப்பது. 100 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் ஒரு மீட்டருக்கு 7.85 லிட்டர். 50 மில்லிமீட்டர் குழாயில் 1.96 லிட்டர்தான், விட்டம் பாதியானால் நீர் நாலில் ஒரு பங்கு. பெரிய குழாய் போக வர 120 மீட்டர் என்று வையுங்கள்: 942 லிட்டர். சின்னது 80 மீட்டர்: 157. சில்லரில் நீர் குளிரும் ஆவியாக்கியும், அறைக்காற்றைக் குளிர்விக்கும் காயில்களும் சேர்ந்து 150. ஆகக்கூடி 1,249 லிட்டர். இது வரைபடம் சொல்லும் எண்.

இன்னொன்று, மருந்து போட்டு எடுப்பது. பழைய கட்டடத்தில் வரைபடம் கிடைக்காது, கிடைத்தாலும் நம்ப முடியாது. அப்போது துருத்தடுப்பு மருந்தில் வரும் நைட்ரைட்டோ மாலிப்டேட்டோ எடை தெரிந்து சுற்றில் சேர்த்து, பம்பை ஓடவிட்டு, நன்றாகக் கலந்தபின் நீரில் செறிவு எவ்வளவு கூடியது என்று பார்க்கிறோம். சாப்பாட்டு உப்பிலும் இதைச் செய்யலாம். ஆனால் குளோரைடு உலோகத்தை அரிக்கும், நான் தொடமாட்டேன். சேர்த்தது 250 கிராம் நைட்ரைட், லிட்டருக்கு 220 மில்லிகிராம் கூடியது என்றால், 2,50,000-ஐ 220-ஆல் வகுக்க 1,136 லிட்டர் வருகிறது.

1,249-க்கும் 1,136-க்கும் உள்ள வித்தியாசம் எங்கே போனது? ஏதோ ஒரு கிளையில் வால்வை மூடி வைத்திருப்பார்கள். அங்கே தண்ணீர் நிற்கிறது, ஆனால் சுற்றவில்லை. மருந்து அங்கே போகாது. அல்லது மேல்மாடிக் குழாயில் காற்று அடைத்திருக்கும், அங்கே தண்ணீரே இல்லை. ஆக, குழாய் கொள்ளும் அளவு ஒன்று, உள்ளே நிற்கும் அளவு ஒன்று, சுற்றிவரும் அளவு ஒன்று. மருந்து ஊற்றச் சுற்றும் அளவு வேண்டும். விரிவுத் தொட்டிக்கு நிற்கும் அளவு முழுவதும் வேண்டும். 7 பாகையில் உள்ள நீர், எந்திரத்தை நிறுத்தியபின் நம் ஊர் வெயிலில் 40 பாகைக்கு ஏறினால் ஏறத்தாழ முக்கால் சதவீதம் விரியும். மேலே சொன்ன சுற்றுக்குப் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு இடமில்லை என்றால் அழுத்தம் ஏறிவிடும்.

மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, இன்றைய நீர் இருப்பு இவ்வளவு என்று செய்தித்தாள் பிரித்தே எழுதுகிறது. நாமும் பிரிக்கலாம். எல்லாவற்றையும் கொள்ளளவு என்று எழுதினால் பையன் வேலைக்குப் போன இடத்தில் மருந்தைக் கூடுதலாக ஊற்றுவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். துருத்தடுப்பு வேண்டாம், அரிமானத் தடுப்பு என்று போடுங்கள். காயில் செம்பு, செம்புக்குத் துரு ஏது? சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற காரைக்குடியில் இந்தச் சொல் யாருக்கும் புதிதில்லை.

யாழ்ப்பாணம், பாடநூல் எழுத்தாளர்:

வணக்கம். எங்கட பாடநூல்களில் பருமனுக்குக் கனவளவு என்பது நெடுங்காலமாக நிலைத்த சொல். ‘தொகுதியின் (அமைப்பின்) நீர்க் கனவளவு’ என்றால் எங்கள் மாணவர் ஒருவரும் தடுமாறார். அங்கே ஏன் இத்தனை பாடு என்று விளங்கவில்லை.

பள்ளத்தூர், ஆச்சி (முன்பு கணக்கு எழுதியவர்):

புதுவயல் தம்பி சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. பெட்டியடிக் கணக்கில் வரவேண்டியது வேறு, கையிருப்பு வேறு. ஐந்தொகை போடும்போது இருப்பு என்றால் எண்ணிப் பார்த்துக் கையில் உள்ளதுதான். மருந்து போட்டுக் கண்டுபிடிப்பதை ‘சுற்றுநீர் இருப்பு’ என்று சொல்லுங்களேன். பத்தாவது படித்த பிள்ளைக்கும் புரியும்.

கானாடுகாத்தான், குழாய் வேலைக்காரர்:

சைட்டில் நாங்கள் ‘லைன் எவ்வளவு பிடிக்கும்’ என்றுதான் கேட்போம். நிரப்பும்போது மீட்டர் மாட்டிவிட்டால் எத்தனை லிட்டர் போனது என்று அதுவே காட்டிவிடும். அப்புறம் காற்றைத் திறந்துவிட்டதும் மறுபடி கொஞ்சம் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இதைப் பாடத்தில் சேருங்கள்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆச்சி சொல்லும் இருப்பு நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் இருப்பில் வினை தேங்கி நிற்கிறது. சுற்றிக்கொண்டே இருப்பதை இருப்பு என்பது பொருந்துமா? சுற்றுநீர் வினைத்தொகை. சுற்றிய, சுற்றுகின்ற, சுற்றும் என முக்காலமும் அதில் அடங்கும். அதோடு அளவு என்று மட்டும் சேருங்கள்: ‘சுற்றுநீரளவு’. கையேட்டில் ‘தோராயம்’ என்று கண்டேன். அது தமிழ்ச்சொல் அல்ல என்பது என் எண்ணம், அதையும் நீக்குங்கள்.

திருச்சி, மொழியியல் ஆய்வாளர்:

தோராயத்தை நீக்கி எதைப் போடுவது, ஐயா? குத்துமதிப்பு என்றால் மதிப்பு வடசொல்லா தமிழா என்று அடுத்த சண்டை வரும். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலப்போக்கில் வழக்கில் வந்த சொல்லை விலக்க வேண்டாம் என்று தொல்காப்பியமே விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் ஏன் கதவைச் சாத்துகிறோம்?

சென்னை, பொறியாளர்:

‘சுற்றுநீரளவு’ எனக்குச் சம்மதமில்லை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் பாய்கிறது என்ற வேகத்தையும் ஆட்கள் நீரளவு என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் குழம்பும். குழப்பம் வரும் என்று தெரிந்தே ஒரு சொல்லைப் பாடத்தில் வைக்கக் கூடாது.

காரைக்குடி, பயிற்சி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. இனியும் தள்ள முடியாது. வரைபடத்திலிருந்து கணக்கிடுவது ‘நீர்க்கொள்ளளவு’. மருந்து போட்டு அளப்பது ‘சுற்றுநீர் இருப்பு’. நால்வர் சரி என்கிறார்கள். மீட்டர் வைத்து நிரப்பும் முறையும் சேர்ந்துவிட்டது. அரிமானத் தடுப்பு என்று மாற்றிவிட்டேன். தோராயம் இருக்கட்டும். யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன கனவளவு சொல்லடைவில் இணைச்சொல்லாக வரும்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இருப்பு பொருந்தாது. முகவையையும் நான் கைவிடவில்லை.

சென்னை, பொறியாளர்:

அச்சுக்கு முன் ஒன்று. பனிக்கட்டி உறையவைத்துக் குளிரைச் சேமிக்கும் இடங்களில் சுற்றுவது வெறும் நீர் இல்லை, உறையாமலிருக்கக் கிளைகால் சேர்த்த நீர்க்கலவை. அங்கே ‘சுற்றுநீர்’ செல்லாது. பாயக்கூடியது என்ற பொருளில் ‘பாய்மம்’ என்றால் காற்றும் அதில் அடங்கிவிடும். எட்டாம் பாடத்தில் இது வருகிறது. என்ன போடப்போகிறீர்கள்?