கரையில் முட்டிய அம்புக்குறிகள்: நீரோட்ட ரேடாரோடு ஓர் அனுபவம்

கரையில் ரேடார் நிறுத்தி நீரோட்டம் அளப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும்.

எங்களுடையது 13.5 மெகாஹெர்ட்ஸ் ரேடார். அதன் ரேடியோ அலைநீளம் சுமார் 22 மீட்டர். கடலில் அதில் பாதி நீளமுள்ள, அதாவது 11 மீட்டர் அலைகள்தான் சிக்னலை ஓங்கித் திருப்பி அனுப்பும். அந்த அலை நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடும் என்பது கணக்கிலேயே தெரியும். அதற்கு மேல் டாப்ளர் (நகரும் அலையில் பட்டுத் திரும்பும் சிக்னலின் அதிர்வெண் மாற்றம்) எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ, அது நீரோட்டத்தின் கைவரிசை. 0.01 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் நொடிக்கு 11 சென்டிமீட்டர். இவ்வளவு நுணுக்கமாகக் கடல் தன்னைக் காட்டிக்கொடுப்பதை முதல்முறை திரையில் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஒரு நிலையத்துக்குத் தண்ணீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது மட்டும்தான் தெரியும். திசை வேண்டுமானால் இன்னொரு இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். எங்களிடம் இரண்டு நிலையங்கள் இருந்தன, எல்லாம் சரியாகவே போனது. அப்புறம் ஒரு வாரம், கரையோரமாக ஓட வேண்டிய நீரோட்டத்தின் அம்புகள் வரைபடத்தில் கரையைப் பார்த்து முட்டிக்கொண்டு நின்றன. நாள் முழுக்க அப்படியே. வந்த தண்ணீர் எங்கேதான் போகும்?

மென்பொருளில் இரண்டு நாள் தேடினேன். கடைசியில் ஆண்டெனாவின் அடியில் போய் நின்றபோதுதான் கண்ணில் பட்டது, பத்தடி தள்ளிப் புதிதாகப் போட்ட இரும்பு வேலி. இந்த வகை ரேடார், குறுக்காக நிற்கும் இரண்டு வளையங்களும் ஒரு கம்பியும் வாங்கும் சிக்னலை ஒப்பிட்டே திசையைக் கண்டுபிடிக்கிறது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அந்த ஒப்பீடு கெட்டுவிடும். வேகம் சரியாக இருக்கும், ஆனால் அதை வேறு திசையில் கொண்டுபோய் வைத்துவிடும்.

வேலியைப் பிரித்துவிட்டு, ரேடார் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்ன டிரான்ஸ்பாண்டரைப் படகில் ஏற்றி, நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தள்ளி அரைவட்டமாகப் போனோம். படகோட்டி அண்ணன் வேகத்தைக் கூட்டாமல் பிடித்துக்கொண்டார், நான் டிரான்ஸ்பாண்டரை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஜிபிஎஸ் காட்டிய திசையையும் ரேடார் சொன்ன திசையையும் பொருத்தி, திசையைத் திருத்தும் புதிய அட்டவணையை ரேடாரில் ஏற்றினோம். மறுநாள் காலை அம்புகள் கரைக்கு இணையாகப் படுத்திருந்தன.

மனம் ஆறாமல், மரச்சட்டத்தில் துணி கட்டி ஒரு மிதவையும் விட்டோம். 13.5-இல் ரேடார் அளப்பது மேல் ஒரு மீட்டர் தண்ணீரைத்தான், அதனால் துணியையும் அந்த ஆழத்துக்கே இறக்கினோம். அம்பு காட்டிய பக்கமே போனது.

— — —

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் நிலையத்தில் வேறு மாதிரி. பகலில் நன்றாகப் பார்க்கும் ரேடாருக்கு இருட்டியதும் எட்டும் தூரம் சுருங்கும். வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, தூரத்து ஒலிபரப்புகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். கருவியில் பழுது என்று நினைத்துக் கேபிளைக்கூட மாற்றினேன். ஒரு மாதத் தரவை மணிவாரியாக அடுக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வேலி எதுவும் இல்லைதான், ஆனாலும் நாளைக்குப் போய் ஆண்டெனாவைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வருகிறேன்.