28,000 ரூபாய் ப்ரீஆம்ப் ஆறு லட்சத்துக்கு ஈடு கொடுக்குமா?

வெள்ளவத்தை_மூன்றாம்_மாடி:
அண்ணாமார், ஒரு சந்தேகம். என்னிடம் ஒரு பவர் அம்ப், ஒரு சோடி ஸ்பீக்கர், சீடி ப்ளேயர், அப்பாவின் டேர்ன்டேபிள் இருக்கின்றன. இவ்வளவு நாளும் பழைய அம்ப் ஒன்றின் ப்ரீ-அவுட்டை (வொல்யூம் குமிழைத் தாண்டிய சிக்னலை வெளியே எடுக்கிற துளை) வைத்துச் சமாளித்தேன், போன மாதம் அதன் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 28,000 ரூபாய்க்கு ஒரு சொலிட் ஸ்டேட் (வால்வ் இல்லாத) ப்ரீஆம்ப் பார்த்தேன், அதாவது எதைக் கேட்பது, எவ்வளவு சத்தம் என்று தெரிவுசெய்து பவர் அம்புக்கு அனுப்புகிற பெட்டி. உள்ளே சிக்னலைப் பெருக்குகிற 5532 சிப் இரண்டு, ஒரு டொரோய்ட் (வளைய வடிவ) ட்ரான்ஸ்ஃபோமர், அவ்வளவுதான். இன்னொரு கடையில் (பெயர் வேண்டாம்) ஆறு லட்சத்துக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பொய் சொல்லக்கூடாது, அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து மலிவானதைப் போடும்போது கடைக்காரர் வொல்யூமைத் தொட்ட மாதிரியும் இருந்தது. விலையில் இருக்கிற வித்தியாசம் சத்தத்திலும் இருக்கிறதா?

சோல்டர்_புகை:
தம்பி, அந்தக் கடைசி விஷயத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. இரண்டில் எது ஒரு துளி சத்தமாக இருக்கிறதோ அதுதான் காதுக்கு "நல்லது". சத்தம் கூடினது என்று தெரியாது, தெளிவாக இருக்கிறது என்றுதான் தோன்றும்.

5532 என்றதும் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். 1970களின் கடைசியில் வந்த சிப் அது, அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்டூடியோ மிக்சர்களில் டசின் கணக்கில் இருந்திருக்கிறது. நீங்கள் கேட்கிற பாட்டு அதற்குள்ளால் பலமுறை போய்த்தான் சீடியில் ஏறியிருக்கும். வீட்டில் கடைசியாக இன்னும் இரண்டு சேர்ந்தால் என்ன குடி முழுகப் போகிறது?

இன்னொன்று, ப்ரீஆம்ப் உங்கள் வீட்டில் பெரும்பாலும் சிக்னலைப் பெருக்குவதே இல்லை. சீடி ப்ளேயர் 2 வோல்ட் தருகிறது, பவர் அம்ப் முழு வாட்டையும் தர ஒன்று அல்லது இரண்டு வோல்ட் போதும். ஆகவே ப்ரீஆம்பின் வேலை குறைப்பதுதான், கூட்டுவதல்ல. அதனால் மலிவு பெட்டியில் நான் பயப்படுகிற ஒரே சாமான் வொல்யூம் பொட், அதாவது குமிழுக்குப் பின்னால் இருக்கிற திருகு ரெசிஸ்டர். பத்து மடங்கு கெயின் (பெருக்கம்) வைத்த பெட்டியில் குமிழை, கடிகார முள் மாதிரிப் பார்த்தால், எட்டு மணிக்கு மேல் திருப்பவே முடியாது, அந்த அடி மூலையில்தான் மட்டமான பொட்டில் இடமும் வலமும் ஒத்துப்போகாது. இரவு பத்து மணிக்குப் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்காமல் மெல்லமாகப் போட்டால் பாடகி நடுவில் நிற்காமல் ஒரு ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள். இதைத்தான் ஆட்கள் "மேடை சுருங்கிவிட்டது" என்று கவிதையாகச் சொல்கிறார்கள்.

கொள்ளுப்பிட்டி_இரவு:
நான் அந்த விலையில் ஒன்று வைத்திருக்கிறேன், அடிக்க வராதீர்கள். பொட்டுக்குப் பதிலாக ரிலே (மின் சுவிட்ச்) வைத்த வொல்யூம், எவ்வளவு குறைத்தாலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். ரிமோட் இருக்கிறது. பவர் அம்ப் ஆறு மீற்றர் தள்ளி இருப்பதால் நீளமாக இழுத்தாலும் இரைச்சல் ஏறாத பெலன்ஸ்ட் வயரும் எனக்குத் தேவைப்பட்டது. கைக்குக் குமிழின் கனமும் ஒரு சுகம்தான், அதை மறைப்பானேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானை வயர் மாற்ற வைத்து, நான் பார்க்காமல், ஒரு மலிவு பெட்டியுடன் பன்னிரண்டு தடவை கேட்டேன். ஏழு சரி. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். அன்று பின்னேரம் வீட்டில் யாருடனும் அதிகம் கதைக்கவில்லை.

பழைய_தட்டு:
எல்லாரும் டேர்ன்டேபிளை மறந்துவிட்டீர்கள். லைன் பக்கம் (சீடி ப்ளேயர் போன்றவை) மலிவே போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன், ஃபோனோ பக்கம் (டேர்ன்டேபிள்) கதை வேறு. எம்.எம் (காந்தம் அசைகிற வகை) கார்ட்ரிஜ், அதாவது ஊசி இருக்கிற தலை, தருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதை நூறு மடங்கு பெருக்க வேண்டும், கூடவே ஆர்.ஐ.ஏ.ஏ வளைவையும் (தட்டில் பதியும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டிய அளவு) சரிசெய்ய வேண்டும். கப்பாசிற்றர் கொஞ்சம் விலகினாலும் அப்பாவின் நாதஸ்வரத் தட்டு தடிமன் பிடித்தவன் ஊதியது போல் இருக்கும். இரைச்சலும் அங்கேதான் எழும்பும். எம்.சி (கம்பிச் சுருள் அசைகிற வகை) என்றால் பத்தில் ஒரு பங்குதான் வரும், இன்னும் சிக்கல். காசு இருந்தால் நல்ல ஃபோனோ பெட்டி ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

சோல்டர்_புகை:
அது சரி, நூற்றுக்கு நூறு. கடையில் ஒப்பிட்டது கணக்கில் வராது, வீட்டில் செய்து பாருங்கள் தம்பி. இரண்டு பெட்டியும் ஒரே சத்தத்தில் இருக்க, 400 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒரு டோனைப் போட்டு (மலிவு மீட்டர்கள் அதற்கு மேலே பொய் சொல்லும்) ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளக்க வேண்டும். ஒன்று 1 வோல்ட் காட்டினால் மற்றது 1.01க்குள் இருக்க வேண்டும், பிறகுதான் பாட்டு.

வெள்ளவத்தை_மூன்றாம்_மாடி:
இரண்டு கிழமை கழித்து வருகிறேன். 28,000 பெட்டியை வாங்கிவிட்டேன். ஆறு லட்சத்தை வீட்டுக்குத் தர மாட்டார்கள், நண்பனின் விலை கூடின ஒன்றை இரவல் வாங்கி மீட்டர் வைத்துச் சமப்படுத்தித் தங்கச்சியை வயர் மாற்றச் சொன்னேன். சீடியில் என்னால் பிரிக்க முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை, அவள் இடையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம். ஆனால் நீங்கள் சொன்ன வொல்யூம் வியாதி அப்படியே இருக்கிறது, ஒன்பது மணிக்குக் கீழே எல்லாம் இடப்பக்கம் சாய்கிறது. முதலில் ஒரு உறுமலும் இருந்தது, டேர்ன்டேபிளின் ஏர்த் வயரை ஒழுங்காக முறுக்கினதும் போய்விட்டது. பொட்டை மட்டும் மாற்றலாமா?

சோல்டர்_புகை:
மாற்றலாம். கடைக்கு மீட்டரைக் கொண்டுபோங்கள், இரட்டைப் பொட்டில் குமிழைக் கால்வாசி திருப்பி இரண்டு பக்க ஓம்ஸையும் கடைக்காரர் முன்னாலேயே அளந்து, ஒத்துவருவதை எடுங்கள். முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். எனக்கு ஐந்தாவதுதான் சரிவந்தது.