கலைச்சொல் வேண்டும்: இன்சுலின் சுரப்பை விட்ட பீட்டா உயிரணு

சுங்கை சிப்புட், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் நடக்கும் இனிப்புநீர் (நீரிழிவு) விளக்கக் கூட்டத்துக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இல்லாமல் நிற்கிறேன்.

உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது, கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகின்றன. பல ஆண்டுகள் சர்க்கரை ஏறாமலிருப்பது அந்த உழைப்பால்தான். இதற்கு 'ஈடுசெய்தல்' போதும். பிறகு தளர்கின்றன. நோய் கண்டறியும் நாளிலேயே சுரப்புத்திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும் என்று பிரிட்டனின் நீண்டகால நீரிழிவு ஆய்வு கணித்தது. போனவை இறந்தவை என்றே பெரும்பாலும் கருதினார்கள். 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளில் கண்டது வேறு: பல உயிரணுக்கள் சாகவில்லை, இன்சுலின் சுரப்பதை விட்டு, முதிராத பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. இதற்கு 'வேறுபாட்டு நீக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். யாருக்கும் விளங்கவில்லை.

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
விடை நன்னூலிலேயே இருக்கிறது. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகர மெய் கெட்டது, இல்லாமற்போனது. மண், குடம் சேர்ந்து மட்குடம் ஆகும்போது ணகரம் டகரமாகத் திரிந்தது. எழுத்து இருக்கிறது, தன் வடிவில் இல்லை. உயிரணு இறப்பது கெடுதல். நீங்கள் கேட்பது திரிதல். 'இயல்புதிரிபு' என்று எழுதுங்கள்.

சுங்கை சிப்புட், முன்னாள் தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்):
ஐயா, இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் செம்பனைத் தோட்டத்திலிருந்து வருகிறவருக்குத் திரிந்தது என்றால் பால்தான். திரிந்த பால் மறுபடி பாலாகாது. இங்கே சொல்ல வேண்டிய செய்தியோ நேர்மாறு. பிரிட்டனில் 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு 6 ஆண்டுக்கு உட்பட்டவர்களை மருத்துவக் கண்காணிப்பில் எடை குறைக்கச் செய்தார்கள். ஓராண்டில் 46 விழுக்காட்டினரின் சர்க்கரை, மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசிய நாட்டு இந்தியரில் வயது வந்தோர் 31.4 விழுக்காட்டினருக்கு இந்த நோய். அவர்களிடம் நம்பிக்கையை அடைக்கும் சொல்லைக் கொண்டுபோகாதீர்கள். 'தொழில்மறதி' என்று வையுங்கள்.

தெலுக் இந்தான்:
மறதி மனத்துக்கு உரியது. உயிரணுவுக்கு ஏது மனம்? திரிதல் என்றால் மீளாது என்பதையும் ஏற்கமாட்டேன். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து, நல்லியல்பு இழந்து, பாலையாகின்றன. மழை பெய்தால் அதே நிலம் மீண்டும் முல்லைதான். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

ஈப்போ, கல்லூரி விரிவுரையாளர்:
பாலையை வெறும் திரிந்த நிலமாக்குவதை ஏற்க முடியாது. தொல்காப்பியம் நடுவுநிலைத் திணை என்று அதற்குத் தனி இடம் தருகிறது. தமிழகம் முழுவதும் காய்ந்த ஆண்டில் குறிஞ்சி எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தெலுக் இந்தான்:
அதற்குத் தனி மடல் எழுதுகிறேன். நடுவுநிலை என்பதற்கு இளம்பூரணர் தரும் உரையிலிருந்து தொடங்க வேண்டும்.

சுங்கை சிப்புட், ஆசிரியர்:
ஐயா, உரையைக் கூட்டம் முடிந்த பிறகு பார்ப்போம். ஈப்போ நண்பரும் சொல் என்ற அளவில் 'இயல்புதிரிபு' சரி என்று எனக்கு எழுதியிருக்கிறார். அதையே வைக்கிறேன். அடியில் ஒரு வரி: "உயிரணு சாகாமல், இன்சுலின் சுரக்கும் இயல்பை இழந்து முதிராநிலைக்குத் திரும்புதல், தொடக்கத்திலேயே கவனித்தால் சுரப்பு ஓரளவு மீளக்கூடும்."

முன்னாள் டிரசர்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை, தம்பி. மேடையில் நான் 'தொழில் விட்ட உயிரணு' என்றே பேசுவேன். அந்த அடிவரியோடு இதையும் சேருங்கள்: மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூன்றாம் பக்கத்தில் "கணையம் செத்துவிட்டது" என்று இருப்பதை முதலில் எடுத்துவிடுங்கள்.