ஜெர்மன் பி1 வகுப்பு: பிள்ளைகள் வாய் திறந்து பேச என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
வணக்கம். திருச்சியில் ஜெர்மன் பி1 (இடைநிலை) வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் ஜெர்மனி வேலைக்குக் காத்திருக்கிற நர்ஸ் பிள்ளைகள். இலக்கணப் பயிற்சித் தாளை மளமளவென்று முடிக்கிறார்கள். "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கதே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் தேர்வில் பேசும் பகுதிக்குத் தனியாக 100க்கு 60 வாங்கியாக வேண்டும். உரையை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்துப் பார்த்தாயிற்று. ஒப்பித்து முடித்தபின் எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால் அவ்வளவுதான். வேறு வழி சொல்லுங்கள்.

மாலதி டீச்சர்:
சார், மனப்பாடத்தை முதலில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு வார்த்தை நழுவினால் மொத்தமும் போச்சு. தேர்வில் தயாராகக் கிடைப்பதும் 15 நிமிடம்தான். குறிப்பு வைத்துக்கொள்ளலாம், எழுதிவைத்துப் படிக்கக் கூடாது.

நர்ஸ்களுக்குப் பேச விஷயமா இல்லை? ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவர், அதாவது நோயாளிகளின் நிலையை அடுத்த நர்ஸிடம் சொல்லி ஒப்படைப்பது, கொடுத்துப் பழகியவர்கள். அதையே ஜெர்மனில் சொல்லச் சொல்லுங்கள். நாலாம் பெட், நேற்று ஆபரேஷன் ஆனவர், ராத்திரி காய்ச்சல், காலையில் சாப்பிடவில்லை, ஏன் சாப்பிடவில்லை. காரணம் சொல்ல 'வைல்' போட்டால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். தமிழில் நாம் எப்போதும் பேசுகிற வரிசைதான் அது, அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

இதை 4-3-2 முறையில் செய்யவையுங்கள். 1983-ல் கெய்த் மாரிஸ் என்பவர் எழுதியது, பிறகு மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் ஆராய்ந்தார். ஒருவரிடம் 4 நிமிடம் பேச வேண்டும். கேட்கிறவரை மாற்றி அதே விஷயம் 3 நிமிடத்தில், மறுபடி மாற்றி 2 நிமிடத்தில். பி1-க்கு 4 நிமிடம் நீளம், நான் 3-2-1 என்று குறைத்துக்கொள்கிறேன். மூன்றாவது சுற்றில் 'அது... வந்து...' எல்லாம் தானாகக் குறையும். வகுப்பு சந்தைக்கடையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கூச்சப்படுகிற பிள்ளை அந்த இரைச்சலில்தான் வாய் திறக்கும்.

ரஹீம்_கோவை:
மாலதி மேடம் சொன்னதோடு ஒன்று. பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள். 'நான் போனேன்' என்பதற்குப் பிள்ளை துணைவினையை மாற்றிப் போட்டு "இஷ் ஹாபே கெகாங்கன்" என்கிறாள், நாம் "ஆ, இஷ் பின் கெகாங்கன்" என்று சரியாகத் திருப்பிச் சொல்கிறோம். ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்று நினைத்து அவள் மேலே போய்விடுகிறாள். கனடாவில் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்த லிஸ்டரும் ரான்டாவும் 1997-ல் இதைத்தான் எழுதினார்கள்: ஆசிரியர்கள் அதிகம் செய்வது இப்படித் திருப்பிச் சொல்வது, மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொள்வதும் அதையே. நான் காதில் விழுந்த பிழைகளைக் குறித்துக்கொண்டு, பேசி முடித்தபின் யார் என்று சொல்லாமல் போர்டில் எழுதுவேன். அவர்களே திருத்தட்டும்.

காவிரிக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. நாளை மாலை வகுப்பில் ஹேண்டோவரிலேயே ஆரம்பிக்கிறேன். 15 பேர் இருக்கிறார்கள், ஜோடி சேர்த்தால் ஒருவர் மிஞ்சுவாரே?

மாலதி டீச்சர்:
அவரை ஒரு ஜோடியோடு டாக்டராக உட்கார வையுங்கள். கேள்வி கேட்பது மட்டும் அவர் வேலை, ஒவ்வொரு சுற்றிலும் ஆளை மாற்றுங்கள். தேர்வின் மூன்றாம் பகுதியிலும் அடுத்தவர் பேசியதைக் கேட்டுக் கேள்வி கேட்கத்தானே வேண்டும்.