குழந்தைக்கு முயலும் எங்களுக்கு வழிகாட்டுங்கள்

குழுவிலுள்ள அக்காமார்களுக்கு வணக்கம். பாம்பனில் வசிக்கும் எனக்கு வயது 29. ஓராண்டுக்கு மேலாக முயன்றும் நாள் தள்ளிப்போகவில்லை.

கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாள்களுமே கருத்தரிக்க ஏற்றவை என்பதால், மாதவிலக்குத் தேதிகளைக் காலண்டரில் தவறாமல் குறித்து வருகிறேன். ஆனால் விசைப்படகில் செல்லும் என் கணவர் கடலில் தங்கும் இரவுகளே பெரும்பாலும் அந்த நாள்களில் வந்து விழுகின்றன. விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடிருக்கும், முட்டையோ ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்பதால், கணவர் முன்கூட்டியே கரையில் இருந்தாலும் வாய்ப்பு உண்டு என்று நம்புகிறேன். ஃபோலிக் அமில மாத்திரையும் நாள்தோறும் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் படகின் டிரைவர். இன்ஜின் அருகிலேயே நெடுநேரம் நிற்பவர் என்பதால், அந்த வெப்பம் விந்தணுக்களைப் பாதித்திருக்குமோ என்று அஞ்சுகிறேன். புதிய விந்தணுக்கள் உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகுமாதலால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைப் பெரிதும் எதிர்பார்த்திருக்கிறோம். குறை பெண்ணிடம்தான் இருக்கும் என்று உறவினர் பேசுவதை நான் ஏற்கவில்லை. அவரும் பரிசோதனைக்கு மனமுவந்து சம்மதித்துவிட்டார்.

விந்துப் பரிசோதனையை ராமநாதபுரத்திலேயே நம்பிச் செய்துகொள்ளலாமா, மதுரைக்குத்தான் செல்ல வேண்டுமா? கடல் தொழிலுக்குச் செல்வோரின் மனைவியர், இந்த நாள்களை எவ்வாறு அமைத்துக்கொண்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். பொதுவில் எழுதத் தயங்குவோர் தனிச்செய்தியில் அனுப்பலாம்.