ஓடிட்டு இருக்கற பிஎல்சில ஒரே ஒரு டைமர் சேர்க்கணும், டவுன்லோட் குடுத்தா ரீஇனிஷியலைஸ்னு வருது, உதவுங்க

ஆர்ஓ_நைட்ஷிப்ட்
வணக்கம்ங்க. திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை சுத்திகரிப்பு பிளாண்ட்ல ஆட்டோமேஷன் பாக்கறேன். பிஎல்சி (பிளாண்ட ஓட்டற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) சீமென்ஸ் எஸ்7-1500, புரோகிராம் எழுதறது டிஐஏ போர்ட்டல்ல. ஆர்ஓ (தண்ணிய மெம்பரேன் வழியா அழுத்தி உப்ப பிரிக்கறது) ரெண்டு ட்ரெயின், அதாவது ரெண்டு தனி வரிசை, ராப்பகலா ஓடுது. 2011-ல ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னதுல இருந்து ஒரு சொட்டு சாயத்தண்ணி வெளிய போகக்கூடாது, அதனால ஆர்ஓ நின்னா டேங்க் ரொம்பி பட்டறையே நிக்கணும்.

சாண்ட் ஃபில்டர் பேக்வாஷுக்கு (தண்ணிய திருப்பி விட்டு கழுவறது) மாறுறப்போ ஹைபிரஷர் பம்ப் சக்‌ஷன்ல பிரஷர் ஒரு செகண்ட் டிப் ஆகி, லோ பிரஷர் ஸ்விட்ச் விழுந்து பம்ப் ட்ரிப் ஆயிடுது. 2 செகண்ட் டிலே போட்டா போதும்னு பம்ப் எஃப்பிக்குள்ள (பம்ப்ப ஓட்டற புரோகிராம் பிளாக்) ஒரு டைமர் இழுத்துப் போட்டேன், மல்டி இன்ஸ்டன்ஸ் குடுத்தேன். டவுன்லோட் பிரிவியூல ரெண்டு பம்ப்போட இன்ஸ்டன்ஸ் டிபியும் (அந்த எஃப்பி ஒவ்வொரு பம்ப்புக்கும் வேல்யூ வெச்சிருக்கற டேட்டா பிளாக்) ரீஇனிஷியலைஸ் ஆகும்னு காட்டுச்சு, பயந்து கேன்சல் பண்ணிட்டேன். ஓகே குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? பிளாண்ட நிறுத்தாம இத போட வழி இருக்கா?

பேனல்கார்_ஈரோடு
கேன்சல் பண்ணது ரொம்ப நல்லதுங்க தம்பி. மல்டி இன்ஸ்டன்ஸ் குடுத்தா டைமரோட மெமரி அந்த எஃப்பியோட ஸ்டேட்டிக்ல போய் உக்காந்துக்கும், அப்போ இன்ஸ்டன்ஸ் டிபியோட அமைப்பே மாறிடுது. ஓகே குடுத்திருந்தா அந்த டிபில இருக்கற எல்லா வேல்யூவும் ஸ்டார்ட் வேல்யூக்கு போயிருக்கும், ரீட்டெயின் (கரண்ட் போனாலும் அழியாதது) டிக் போட்டதும் சேர்த்துதான். செட்பாயிண்ட், ரன் ஹவர், ஆட்டோ மேனுவல் பிட், லாட்ச் எல்லாமே. எட்ஜ் மெமரி பிட்டும் (போன ஸ்கேன்ல, அதாவது புரோகிராமோட போன சுத்துல, சிக்னல் என்னவா இருந்துச்சுன்னு வெச்சிருக்கறது) 0 ஆகும், அந்த நேரம் சிக்னல் 1-ல இருந்தா புதுசா ஒரு ரைசிங் எட்ஜ் வந்த மாதிரி எடுத்துக்கும், யாரும் பட்டன் அமுக்காமலே ஒரு ஸ்டார்ட் கமாண்ட் போகலாம். பம்ப் பக்கத்துல ஆள் நின்னா நெனச்சுப் பாருங்க.

லேடர்_பையன்
ப்ரோ சிம்பிள், மல்டி இன்ஸ்டன்ஸுக்கு பதிலா சிங்கிள் இன்ஸ்டன்ஸ் குடுங்க, டைமருக்கு தனி டிபி வந்துரும், எஃப்பி இன்டர்ஃபேஸ் மாறாது, ரீஇனிஷியலைஸ் வராது.

பேனல்கார்_ஈரோடு
தம்பி அது இங்க ஆகாது. ஒரே எஃப்பிய ரெண்டு பம்ப்புக்கும் கூப்பிடறாரு. உள்ள சிங்கிள் இன்ஸ்டன்ஸ் டைமர் வெச்சா ரெண்டு பம்ப்பும் ஒரே டைமர பங்கு போடும், ஒரு ஸ்கேன்ல ரெண்டு தடவை வேற வேற சிக்னலோட ஓடும். ஒரு பம்ப்போட ஸ்விட்ச் விழுந்தா இன்னொன்னோட நல்ல சிக்னல் வந்து டைமர ரீசெட் பண்ணிட்டே இருக்கும், உண்மையிலயே தண்ணி இல்லாதப்போ கூட ட்ரிப் வராது.

மெமரி ரிசர்வ் முறையும் இருக்கு, ஆப்டிமைஸ்டு பிளாக்ல வழக்கமா 100 பைட் காலியா வெச்சிருக்கும், டவுன்லோட் வித்அவுட் ரீஇனிஷியலைசேஷன் ஆன் பண்ணிட்டு புது டேக் சேர்த்தா பழைய வேல்யூ தப்பிக்கும். ஆனா ரீட்டெயின் டேக்குக்கு அந்த இடம் தானா வராது, முன்னாடியே ஒதுக்கியிருக்கணும். இவ்வளவு சின்ன வேலைக்கு ஓடற எஃப்பியவே தொட வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

வெளிய பண்ணுங்க. எஃப்பிக்கு சக்‌ஷன் ஓகேனு இன்புட் இருக்கும்ல, ஒரு புது எஃப்சி (சொந்த மெமரி இல்லாத பிளாக்), ஒரு புது குளோபல் டிபி (எந்த எஃப்பியோடயும் சேராத டேட்டா பிளாக்), அதுல ரெண்டு டைமர், ரெண்டு பிட். ஸ்விட்ச் நல்லா இருந்தா 1 வர்ற மாதிரி வயரிங்னா ஆஃப் டிலே (சிக்னல் போன அப்புறமும் சொன்ன நேரம் வரைக்கும் 1-லயே நிக்கற டைமர்) போடுங்க. அந்த பிட்டோட ஸ்டார்ட் வேல்யூ ட்ரூ. எஃப்சி கால் கண்டிப்பா எஃப்பி காலுக்கு முன்னாடி இருக்கணும். ரெண்டு டவுன்லோடா பிரிச்சுக்கோங்க: மொதல்ல எஃப்சியும் அதோட காலும் டிபியும் மட்டும் ஏத்தி, அந்த பிட்ட எங்கயும் கனெக்ட் பண்ணாம ஒரு பேக்வாஷ் முழுசா ஆன்லைன்ல பாருங்க. சரியா வந்தா மட்டும் அடுத்த டவுன்லோடுல எஃப்பி இன்புட்ட மாத்துங்க.

சாஃப்ட்வேர் ஒன்லி சேஞ்சஸ் மட்டும் குடுங்க, ஹார்டுவேர் சேர்க்காதீங்க. பிரிவியூல ஸ்டாப் மாட்யூல்ஸ்னு ஒரு வரி வந்தா அங்கேயே மூடிடுங்க.

இன்ஸ்ட்ருமெண்ட்_அக்கா
ஒரு நிமிஷம். டிலே போடறதுக்கு முன்னாடி அந்த டிப் ஏன் வருதுன்னு பாத்தீங்களா? கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் இதே மாதிரிதான் விழும், அப்போ டிலே போட்டா பம்ப் 2 செகண்ட் காய்ஞ்சு ஓடும், அவ்வளவுதான். ஃபில்டருக்கு முன்னாடி பின்னாடி பிரஷர் எழுதி அனுப்புங்க. அந்த ட்ரிப் பம்ப்ப காப்பாத்தறதுக்குத்தான் இருக்கு, அத தள்ளிப் போடறோம்னா பிராசஸ் ஆளும் கையெழுத்து போடணும்.

ஆர்ஓ_நைட்ஷிப்ட்
அக்கா பாத்தேன், முன்னாடி 3.1 பார், பின்னாடி 2.8, ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு. ட்ரெண்ட்ல டிப் 0.8 செகண்ட், வால்வு மாறுறப்போ மட்டும்தான். பிராசஸ் சார் 1.5 செகண்டுக்கு ஒத்துக்கிட்டாரு. அண்ணா, டவுன்லோடுக்கு முன்னாடி வேற என்ன பாக்கணும்?

பேனல்கார்_ஈரோடு
ஆன்லைன் ஆஃப்லைன் கம்பேர் போடுங்க, உங்க லேப்டாப் ப்ராஜெக்டும் சிபியூவும் ஒண்ணுதானான்னு. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் சிபியூல ஏதாவது மாத்தியிருந்தா உங்க டவுன்லோட் அத அழிச்சிரும். அப்புறம் இன்ஸ்டன்ஸ் டிபி எல்லாத்துக்கும் ஸ்னாப்ஷாட் (இப்போ ஓடற வேல்யூவோட பதிவு). பேக்கப் தனி டிரைவ்ல. சிபியூல மெயின்ட் லைட் மஞ்சளா எரிஞ்சா ஃபோர்ஸ் (சிக்னல கட்டாயமா ஒரே வேல்யூல பூட்டறது) டேபிள பாருங்க, யாராவது ஃபோர்ஸ் போட்டு மறந்திருக்கலாம். பம்ப் பக்கத்துல எமர்ஜென்சி ஸ்டாப்கிட்ட ஒரு ஆள், போன்ல உங்களோட. நைட் ஷிஃப்ட்ல தனியா இருக்கறப்போ பண்ணாதீங்க.

ஆர்ஓ_நைட்ஷிப்ட்
முடிச்சிட்டேன் அண்ணா. கம்பேர்ல ஒரு பிளாக் வித்தியாசம் காட்டுச்சு, லெவல் அலாரத்த யாரோ மாத்தியிருக்காங்க, மொதல்ல அத அப்லோட் பண்ணிக்கிட்டேன். ஸ்னாப்ஷாட் எடுத்தப்போதான் கை நடுங்குச்சு. பம்ப் டிரைவ் ஸ்பீடு இப்போ 43 ஹெர்ட்ஸ், ஸ்டார்ட் வேல்யூல 50. ஆன்டிஸ்கேலன்ட் (மெம்பரேன்ல உப்பு படியாம தடுக்கற கெமிக்கல்) டோசிங்குக்கு ஸ்டார்ட் வேல்யூ 0. அன்னைக்கு ஓகே குடுத்திருந்தா டோசிங் நின்னிருக்கும், அதுக்கு அலாரமும் கெடையாது, மெம்பரேன்ல உப்பு படிஞ்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சிருக்கும்.

மொதல் டவுன்லோட் போட்டு ரெண்டு பேக்வாஷ் பாத்தேன், ஸ்விட்ச் விழுந்தப்போ பிட் அசையல. அப்புறம் ட்ரெயின் 1-க்கு மட்டும் இன்புட் மாத்துனேன். பம்ப்ப நாங்களே நிறுத்திட்டு ஸ்விட்ச் வயர கழட்டிப் பாத்தேன், 1.5 செகண்டுல ட்ரிப் பிட் வந்துச்சு. இப்போ 9 மணி நேரமா ஒரு ட்ரிப்பும் இல்ல. ட்ரெயின் 2 நாளைக்கு பகல்ல.

இன்ஸ்ட்ருமெண்ட்_அக்கா
ஸ்விட்ச் விழற ஒவ்வொரு தடவையும் ஒரு கவுண்டர் ஏறட்டும், அந்த புது டிபிலயே வெச்சுக்கோங்க, ட்ரெயின் 2-ஐ மாத்தறப்போவே சேர்த்துப் போட்டுடுங்க. அந்த டிபியும் ரீஇனிஷியலைஸ் ஆகும், பிரிவியூல பாருங்க, ட்ரெயின் 1 ஓடறப்போ பேக்வாஷ் நடக்காத நேரமா பாத்து போடுங்க.